சுத்தப் பிரதி

1986 மார்ச் பத்தாம் தேதி, திருப்பதியில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் சோதனைக்கு வந்து இறங்கின. ஒன்று டாஸ் மென்பொருளில் ஓடும் புது ரகம். மற்றது சி.பி.எம். மென்பொருளில் ஓடும் பழைய ரகம். எது வேகமோ அதை வாங்குவதென்று முடிவு. சோதித்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் தற்காலிக ஆபரேட்டர். ஜூனில் அட்மிஷன் பட்டியலை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று பிரின்சிபால் நாகபூஷணம் சொல்லியிருந்தார். எனக்கு வயது நாற்பத்தொன்று. அதற்குமுன் வேலை பார்த்த அச்சகம் மூடி, இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவன்.

இருநூறு பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் ஒரே புரோகிராமை இரண்டிலும் நானே டைப் அடித்தேன். டாஸ் மெஷினுக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. ஒன்றின் பிளாப்பியை மற்றது படிக்காது. ஆகவே மறுநாள் பழைய மெஷினில் பெயர்களையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது. பெயர்கள் எழுதிய முதல் தாள் கிறுக்கலும் அடித்தலுமாக இருந்ததால், வீட்டில் ஒரு சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். நான் படித்த பலமனேர் பள்ளிக்கூடத்துப் பழக்கம் அது. பழைய மெஷின் நான்கே நிமிஷத்தில் முடித்துவிட்டது.

அதுவே வேகமானது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஜூன் தொடக்கத்தில், கல்லூரி வாங்கிய அந்தப் பழைய ரக மெஷினில் ஆயிரத்து நூறு விண்ணப்பங்களை வந்த வரிசையில் ஏற்றி, மார்க் வாரியாக அடுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஒரு மணிக்குத் தினப்படி கரண்ட் போனது. அடுக்கியது அத்தனையும் போயிற்று. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

"ஏமய்யா தியோடர், நாலு நிமிஷம்னு எழுதிக் கொடுத்தது நுவ்வே கதா, நீதானே?" என்றார் பிரின்சிபால், பாதித் தெலுங்கில். "இருபதாம் தேதி கமிட்டி முன்னாடி ஓட்டிக் காட்டணும். தெலுசா?"

சித்தூரிலிருந்த வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது சோதனையின் பழைய தாள்களைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வழியில் புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. சுத்தப் பிரதி எடுத்தபோது, அச்சகத்தில் பட்டியல் அடுக்கிய கைப்பழக்கத்தில், பெயர்களை நானே அகரவரிசையில் எழுதியிருக்கிறேன். மெஷின் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, மாற்ற ஒன்றுமில்லை என்று நின்றிருக்கிறது. அந்த நான்கு நிமிஷம் அதன் வேகமே அல்ல.

என் மனைவி தபீதாளிடம் சொன்னேன்.

"போயி உண்மைய சொல்லிடுங்களேன்."

"சொன்னா? வாங்கின மெஷின எவன் திருப்பி எடுப்பான்? என்னைத்தான் திருப்பி அனுப்புவாங்க."

"அப்போ இன்னா பண்றது?"

"வரிசையா குடுத்தா சீக்கிரம் முடிச்சிடும்."

"நாமளே வரிசையா குடுத்துட்டா, அப்புறம் அதுக்கு இன்னா வேல? சும்மா குந்திக்கினு ஏசி காத்து வாங்கவா?"

மறுநாள் முதல் காகிதத்தை வெட்டி, ஒவ்வொரு விண்ணப்பத்தின் பெயரையும் மார்க்கையும் ஒரு சீட்டில் எழுதினோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், ஃபேனை நிறுத்திவிட்டு, ஆயிரத்து நூறு சீட்டுகளைக் கூடம் முழுக்கப் பரப்பினோம். "நானூத்தி பன்னெண்டு மார்க்கு எங்க வெச்சீங்க? காலாண்ட பாருங்க, மிதிச்சிக்கினு நிக்கிறீங்க," என்று அவள் கத்திக்கொண்டேயிருந்தாள். திங்கள் முதல் அந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்தேன். அறையைத் தாழிட்டுக்கொண்டேன். தூசி வரக்கூடாது என்று காரணம் சொன்னேன்.

இருபதாம் தேதி பதினொரு மணிக்குக் கமிட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். மெஷின் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்தது. பிரின்சிபால் அதன் தலையைத் தட்டிக் கொடுத்தார். அங்கேயே என் கையில் நிரந்தர உத்தரவைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆகஸ்டுலே இதே ரகம் இன்னும் ரெண்டு வருது. பரீட்சை ரிசல்ட்டும் இனிமே மன தியோடர், நம்ம தியோடர்தான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன்.

வீட்டில் தபீதாள் உத்தரவை இரண்டு முறை படித்தாள். ஆகஸ்ட் விஷயத்தையும் சொன்னேன். காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

"பரீட்சைக்கு எத்தினி பேரு?"

"மூவாயிரம்."

அவள் அலமாரியைத் திறந்து, சீட்டு வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினாள்.