ரோட்டுப் பல், மணல் பல்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு அட்டைப்பெட்டி. இப்போது அது என் மேசைக்கு அடியில், லேபிள் தரையைப் பார்க்கக் கவிழ்ந்து கிடக்கிறது. குனிந்து அதைத் திருப்பினால் கதை முடிந்துவிடும். குனியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பது கிரவுன் பினியன். வண்டியின் ஆக்சிலுக்குள் உட்கார்ந்துகொண்டு எஞ்சினின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. நான் வளைகுடாவில், பிதிய்யா என்ற பாலைவன ஊரில், உதிரிபாகக் கடைக் கவுன்டரில் நிற்பவன். எழுதுவது நானாகக் கற்றுக்கொண்டது. தப்பாக வந்தால் வாத்தியார் மேல் பழி போட வழியில்லை. ஒரு பத்திரிகைக்கு முன்பு கதை அனுப்பினேன். "மனிதர்கள் குறைவு, உதிரிபாகங்கள் அதிகம்" என்று பதில் வந்தது. இந்தக் கதையில் மனிதர்கள் மூன்று பேர், உதிரிபாகம் ஒன்று. விகிதத்தைச் சரிசெய்துவிட்டேன்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"மணல் மேடுகளின் மேல் சூரியன் தன் தங்கக்"

வேண்டாம். இங்கே யாரும் சூரியனைத் தங்கம் என்று சொல்வதில்லை. திட்டத்தான் செய்வார்கள்.

"முசல்லம் நல்ல கணவன்."

அடுத்த வார்த்தை 'ஆனால்' என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"ரய்யாவுக்குப் புது டயர் பிடிக்கவில்லை."

இது போதும். நடந்ததும் இதுதான்.

ரய்யாவும் முசல்லமும் கணவன் மனைவி. ஊருக்குத் தெற்கே, மணலுக்குள், ஒரு பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடில். ஆடுகள், கொஞ்சம் ஒட்டகங்கள், ஒரே ஒரு பிக்கப். தார் ரோட்டில் முசல்லம் ஓட்டுவான். தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, காற்றைக் குறைத்து, இருவரும் பானெட்டுக்கு முன்னால் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறிக்கொள்வார்கள். மணலில் ரய்யாதான் ஓட்டுவாள். தண்ணீர்த் தொட்டியோடு வண்டியை மேட்டில் ஏற்றுவது அவள் வேலை. முசல்லம் ஏற்றினால் புதைக்கிறான். இது அவனே சிரித்துக்கொண்டு சொன்னது.

இந்தக் குளிர்காலத்தில் ஒட்டகப் பந்தயத்துக்குப் போகுமுன், முப்பது அங்குல டயர்களைக் கழற்றி முப்பத்தைந்து மாட்டினான். வண்டி கம்பீரமாகிவிட்டது. ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அதைச் சுற்ற எஞ்சின் அதிகமாகத் தள்ள வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீரோடு போன வண்டி பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. ரய்யா பின்னாலேயே இறக்கி, பாதித் தண்ணீரை மணலில் திறந்துவிட்டு, மிச்சத்தை ஏற்றினாள்.

பழைய டயரையே மாட்டலாமே என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் போட்ட சட்டையப் பந்தியில கழட்டச் சொல்றியா, ரஃபீக்?" என்றான் முசல்லம். (இங்கே வெளிநாட்டுக்காரன் எவனும் 'ரஃபீக்'தான்.)

பந்தயத்தில் அவன் ஜனம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. பழைய டயர்கள் இப்போது ஆட்டுப்பட்டியின் வேலியை அமுக்கிக்கொண்டிருக்கின்றன.

மிச்சமிருக்கும் ஒரே வழி, ஆக்சிலுக்குள் பல்லை மாற்றுவது.

3

(கட்டுரை போல ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் கடைசி நாலு வரிக்குப் போகலாம்.)

சக்கரம் ஒரு தடவை சுற்ற, அதைச் சுற்றிவிடும் ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதுதான் ரேஷியோ. அவர்கள் வண்டியில் இருப்பது நாலு பத்து, அதாவது 4.10. என் அலமாரியில் அதற்குப் பொருந்தும் பெட்டிகள் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றிலும் முன் ஆக்சிலுக்கு ஒரு ஜோடி, பின் ஆக்சிலுக்கு ஒரு ஜோடி. நாலு ஐம்பத்தாறு: ரோட்டில் அமைதியாகப் போகும்; நிறைதொட்டியோடு மேடு ஏறலாம், ஏறாமலும் போகலாம். நாலு எண்பத்தெட்டு: ஏறிவிடும்; ரோட்டில் எஞ்சின் கத்தும். கடையில் நாங்கள் எண்களைச் சொல்வதில்லை. முதலாவது ரோட்டுப் பல், இரண்டாவது மணல் பல்.

இவ்வளவுதான் என்றால் பில் போட்டிருப்பேன், கதை போட்டிருக்க மாட்டேன். முசல்லம் ஊரில் ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறான். ஏசிகூட மாட்டியாகிவிட்டது. 'வா' என்று அவன் சொல்லவில்லை. 'வரமாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. தொட்டி மேடு ஏறும்வரை ரய்யா மணலில் இருப்பாள். ஏறாவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு அந்த வீட்டுக்குள் போவாள். கவுன்டரில் கேட்டது கிரவுன் பினியன். பேசியது வீடு.

4

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வந்தார்கள். பிளாஸ்க்கில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி, டப்பாவில் பேரீச்சம்பழம். மூன்று வாய் குடிக்காமல் யாரும் எதையும் ஆரம்பிக்க முடியாது. குடித்தோம்.

"ரோட்டுப் பல் குடு ரஃபீக். நூத்தி இருபதுல போனாலும் எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி இருக்கணும்."

"பூனைக்குட்டிதான் தண்ணி சுமக்கப் போகுதா, ஹுமூது அப்பா?" (ஹுமூது அவர்கள் மூத்த மகன். அவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

"முக்கா தொட்டி ரொப்பு. ஏறிடும்."

"சரி. ஆட்டுக்கெல்லாம் வாயில கால்வாசியத் தைச்சுடுறேன்."

"மீட்டரப் பார்த்தியா ஹுமூது அம்மா? முன்னாடி நம்ம குடில்லேருந்து ஊருக்கு முப்பத்தெட்டு காட்டும். இப்ப முப்பத்திமூணுதான். ஊரே பக்கத்துல வந்துடுச்சு!"*

"ஊரு தானா வருதுன்னா வரட்டும். நான் எதுக்கு நகரணும்?"

முசல்லம் யோசித்தான். பிறகு, நியாயஸ்தன் முகத்தோடு, இரண்டு கையையும் கவுன்டரில் வைத்தான்.

"ஆளுக்குப் பாதி. முன் ஆக்சிலுக்கு ரோட்டுப் பல், பின் ஆக்சிலுக்கு மணல் பல். யாருக்கும் மனக்கசப்பு இல்ல. என்ன?"

ரய்யா என்னைப் பார்த்தாள். இந்த ஊர்ப் பெண்கள் போடும் முகமூடிக்குள் கண்கள் மட்டும்தான் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

"ரோட்டுல தெரியாது," என்றேன். "மணல்ல நாலு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டீங்கன்னா முன்னுது ஒரு வேகத்துல சுத்தும், பின்னுது ஒரு வேகத்துல சுத்தும். ஒண்ண ஒண்ணு பிச்சுப் போட்டுரும்."

"எங்க வீட்டுலதான் அப்படின்னு நெனச்சேன்," என்றாள் ரய்யா.

* டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஊர் நகரவில்லை, விசாரித்துவிட்டேன். மீட்டர் நூற்றிருபது காட்டும்போது வண்டி நூற்று நாற்பதில் போகும். ரோட்டுக் கேமரா முசல்லமை அடிக்கடி படம் பிடிப்பது இதனால்தான். அவன் அழகுக்கு என்று நினைத்திருந்தான்.

5

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த 'ஆளுக்குப் பாதி' எனக்குள் இருக்கும் எழுத்தாளனுக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்னும் பின்னும் இரண்டு வேகத்தில் இழுக்க, மேட்டின் நடுவில் வண்டி முறிந்து நிற்க, கணவனும் மனைவியும் இரண்டு பக்கமும் இறங்கி... படிப்பவர்கள் 'குறியீடு, குறியீடு' என்று தலையாட்டுவார்கள். ஆனால் கவுன்டரில் நின்றவன் அதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டான். உருப்படியான உதிரிபாகக்காரன் உருப்படியான கதையைக் கெடுத்த

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு நானே சிலை வைப்பது போல இருக்கிறது.]

6

அன்று முடிவாகாமல், இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். மறுநாள் காலை முசல்லம் தனியாக வந்தான். பிளாஸ்க் இல்லை. ரகசியத்துக்குக் கஹ்வா கிடையாது போலும்.

"நாளைக்கு அவ முன்னாடி 'மணல் பல்லே குடு'ன்னு நான் சொல்வேன். நீ பெட்டிய மாத்தி ரோட்டுப் பல்ல வச்சுடு."

"எதுக்கு மாமூ இந்த வேலை?"

"அவளுக்கு முட்டி வலி, ரஃபீக். தொட்டிக் குழாய இழுத்துட்டு ராத்திரியெல்லாம் கால அமுக்கிட்டுக் கெடக்கா. கேட்டா மணல் குளிருன்னு சொல்றா. ஊரு வீட்டுக்கு நான் வான்னா வரமாட்டா. வண்டி ஏறலேன்னா, வண்டி மேல கோவிச்சுட்டு வருவா. எம் மேல இல்ல."

"சரி," என்றேன்.

மத்தியானம் ரய்யா வந்தாள். சந்தையில் ஆடு விற்க வந்த மாதிரி ஒரு ஆட்டையும் கூட்டிக்கொண்டு.

"நாளைக்கு அவரு முன்னாடி 'ரோட்டுப் பல்லே போதும்'னுதான் சொல்வேன். ஆம்பள, கடையில நாலு பேரு பார்க்கத் தோத்துப் போகக்கூடாது. நீ உள்ள மணல் பல்ல வை."

"கண்டுபிடிச்சிருவாரே தாயீ?"

"அவரா? டயர மாத்துனா ஊரு நகரும்னு நம்புற மனுசன்." ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அந்த வீட்டப் போய்ப் பார்த்தேன். சன்னலத் தொறந்தா எதிர் வீட்டுச் சன்னல் தெரியுது. அவங்க தொறந்தா நான் தெரிவேன். காலையில எந்திரிச்சு எதப் பார்க்குறது?"

"சரி," என்றேன்.

எங்கள் வியாபாரத்தில் 'சரி' என்றால் 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். அன்று இரவு நம்மூரிலிருந்து என் மனைவி போன் செய்தாள். இந்தக் கதையைச் சொன்னேன். "அடுத்தவங்க வீட்டுச் சண்டை இருக்கட்டும். நீங்க எப்ப வர்றீங்க? பொங்கலுக்காவது?" என்றாள். சரி என்றேன்.

கதை இங்கே கெட்டுவிட்டது. அதுவரை முசல்லமை வில்லனாக வைத்திருந்தேன். முட்டி வலியைச் சொல்லி அவன் தப்பித்துவிட்டான். வில்லன் இல்லாமல் இரண்டு பெட்டிகள் மட்டும் மிச்சம்.

7

இன்று இருவரும் வந்தார்கள். கஹ்வா. பேரீச்சம்பழம். மூன்று வாய்.

"மணல் பல்லே குடு ரஃபீக்," என்றான் முசல்லம், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "அவ இஷ்டம்தான் என் இஷ்டம்."

"அய்ய, வேணாம். ரோட்டுப் பல்லே போதும்," என்றாள் ரய்யா. "நீங்கதான ரோட்டுல கஷ்டப்படுறீங்க."

"அல்லாமேல ஆணையா, நீ கேட்டதுதான்."

"அல்லாமேல ஆணையா, நீங்க கேட்டதுதான்."

பேட்டரி வாங்க வந்த கிழவர் ஒருவர் கண்கலங்கி, "பாருங்கய்யா, குடும்பம்னா இப்படி இருக்கணும்," என்றார்.

இரண்டு பெட்டிகளையும் கவுன்டரில் வைத்தேன். ஒரே அளவு, ஒரே கனம், ஒரே பழுப்பு நிறம். லேபிளில் மட்டும் எண். நான் எந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாலும் ஒருவருக்குச் சொன்ன வாக்கு நிற்கும், ஒருவருக்குச் சொன்னது போகும். இரண்டு பேரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் புரிகிற மாதிரி இரண்டு பேரும் லேசாகத் தலையசைத்தார்கள்.

"நீங்களே பார்த்து எடுத்துக்குங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுறேன்," என்று வெளியே போய்விட்டேன். கிழவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பக்கத்து டீக்கடையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம். பிறகு ரய்யாவின் குரல், தெளிவாக: "முட்டி வலின்னு உங்ககிட்ட யாரு சொன்னது?" டீ ஆறிப்போனது.

திரும்பி வந்தபோது அவர்கள் இல்லை. காசு பிளாஸ்க் மூடிக்கு அடியில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே விலை என்பதால் அதிலும் துப்பில்லை. ஒரு பெட்டியைக் காணோம். இன்னொன்று கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தது யார் என்று தெரியாது. வண்டியை ஓட்டிப் போனது முசல்லம். அதுவும் சாட்சியாகாது, கடை வாசல் தார் ரோடு.

8

பல்லைப் பக்கத்து ஊரான இப்ராவில் ஒரு பட்டறையில் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: ரோட்டுப் பல். வண்டி மேட்டில் நிற்கிறது. ரய்யா எதிர் வீட்டுச் சன்னலைப் பார்க்கிறாள். (சோகம். பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

இரண்டு: மணல் பல். வண்டி ஏறுகிறது. ராத்திரி முட்டியை யார் அமுக்கிவிடுகிறார்கள் என்பதை எழுத மாட்டேன். (சந்தோஷம். பத்திரிகைக்குப் பிடிக்காது.)

மூன்று: குனிந்து பெட்டியைத் திருப்புவது. (இலக்கியமே இல்லை.)

மூன்றையும் விட்டுவிட்டேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான்: நாளைக்குச் சாயங்காலம், தார் முடிகிற இடம். பின்னால் தொட்டி நிறையத் தண்ணீர். ஆக்சிலுக்குள் புதுப் பல். முசல்லம் வண்டியை நியூட்ரலில் போட்டு இறங்குகிறான். ரய்யா இந்தப் பக்கம் இறங்குகிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. எஞ்சின் ஓடுகிறது. அது என்ன பல் என்று இப்போது எஞ்சினுக்கே தெரியாது. இருவரும் பானெட்டுக்கு முன்னால் வருகிறார்கள். வழக்கமாகக் கடந்து போய்விடுவார்கள். இந்தத் தடவை அவன் நின்று கையை நீட்டுகிறான். முட்டிக்காகவா, ஓட்டவிடாமல் மறிக்கவா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஸ்டியரிங்கில் யாரும் இல்லை.

பெட்டி என் காலடியில்தான் இருக்கிறது. கடை நாளைக்கும் திறந்திருக்கும். வேண்டுமென்றால் நீங்கள் வந்து குனிந்துகொள்ளுங்கள். என் முதுகு வளையாது.