அக்டோபர்க் கராயும் பிறர் பங்கும்

செம்மண் மேடுகளின் மேல் வெயில் ஏறி, வடகாற்று அனலை வாரி இறைத்து, பூவுதிர்ந்த லபாச்சோ மரங்கள் ஒரு பிடி நிழலும் தரமாட்டாமல் நின்ற, அக்டோபர்த் திங்கள் முதல்நாள் முற்பகலில், அவ்வூரின் ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழுந்துகொண்டிருந்தது. பழைய விளைச்சல் தீர்ந்து, புதியது முளைவிடாத பசித்திங்களின் தலைவாயில் அந்நாள். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்கை எண்ணி வேகவைக்கும் வீடுகளும், அன்று மட்டும் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் பூசணியும் கிடைத்த இறைச்சியும் ஒன்றாய்க் கொட்டி ஜோபரா கிளறும். ஏனெனில் உச்சிப்பொழுதில், பசித்திங்களின் ஆவியான அக்டோபர்க் கராய் வருவார். குள்ள உருவும், முகம் மறைக்கும் ஓலைத் தொப்பியும், கையில் கொடிச் சாட்டையுமாக வீடுவீடாய்ப் பானையை எட்டிப் பார்ப்பார்; விளிம்பு தொட நிறைந்திருந்தால் வந்த வழியே போவார்; குறைந்திருந்தால், ஆண்டு முடியும்வரை வறுமையை அவ்வீட்டில் குடிவைத்துவிட்டுப் போவார். கற்றறிந்த நீவிர் சிரிக்கலாம். அவ்வூரில் கற்றவர்களும் சிரித்துக்கொண்டேதான் பானையை நிறைத்தார்கள்.

நிக்காசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் பானை குறைந்தது. அவ்வாண்டு முடியுமுன் அவள் தலைமகனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இப்போது இரண்டாவது மகவு பெலேன் தூளியில் இருமிக்கொண்டு கிடந்தாள். கணவன் எலிகியோ மர அறுவைக் களத்துக்குப் போயிருந்தான். அவளுடைய அச்சத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

மணமான புதிதில் அவள்தான் அவ்வீட்டின் வரவை நான்காய் வகுத்தாள்: உண்பதற்கு, விதைக்கு, உப்புக்கும் விளக்குக்கும், பிறருக்கு. அந்த நான்காம் பங்கைத் தனிக் குடுக்கையில் இட்டு, வாசலில் வந்து நிற்பவர்க்கு எடுத்துக் கொடுப்பாள். "மிஞ்சினா குடுக்கலாம்ல?" என்று எலிகியோ கேட்டபோது, "மிஞ்சினாத்தான் குடுப்பேன்னா என்னைக்கும் மிஞ்சாதுய்யா. மொதல்லயே எடுத்து வச்சிரணும்" என்று அவன் வாயை அடைத்தாள். அத்தகையவள் இன்று காலை, எல்லாம் கொட்டியும் பானை விளிம்பைத் தொடாததைக் கண்டு, அக்குடுக்கையையும் கவிழ்த்துவிட்டாள். பானை நிறைந்தது, நெஞ்சு நிறையவில்லை.

"என்ன நிக்காசியா, பானை நெறஞ்சுதா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள் அண்டை வீட்டுத் தெயோலிந்தா. "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்குற மகராசியாச்சே, அதான் கேட்டேன்."

"நெறஞ்சிருக்குக்கா. வந்து வேணா எட்டிப் பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? பாக்க வேண்டியவரு வருவாரு."

அச்சொல் ஆறுமுன், வாசலில் நிழல் விழுந்தது. குள்ள உருவம், முகம் மறைத்த ஓலைத் தொப்பி, கையில் சுருட்டிய காட்டுக்கொடி. நிக்காசியா தூளிக்கும் வாசலுக்கும் நடுவே தன்னுடலை மறைப்பாய் நிறுத்தி, பானையின் மூடியை விலக்கினாள்.

"பாருங்கய்யா... நெறஞ்சிருக்கு. பாத்துட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் எட்டிப் பார்த்தான். அவன் மிடறு ஒருமுறை ஏறி இறங்கிற்று.

"நெறஞ்சுதாம்மா இருக்கு. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் நெறஞ்சுதான் இருக்கு. ஆத்தங்கரையிலேருந்து ஒவ்வொரு வாசலா நின்னுட்டு வரேன். எல்லாரும் பானையத் தொறந்து காட்டுறாங்க, கும்பிடுறாங்க, போயிருங்கறாங்க. ஒரு அகப்பை யாரும் போடலம்மா."

"நீங்க... கராய் இல்லையா?"

"எம்பேரு செனோன், அம்மா. வெறகு கட்டிப் பொழைக்கிறவன்."

அவன் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். முள் கீறிய அவன் கால்களில் குருதி வழிந்திருந்தது. அவள் வானைப் பார்த்தாள். கதிரவன் இன்னும் உச்சியைத் தொடவில்லை. கராய் இனிமேல்தான் வரவேண்டும். இவனுக்கு இட்டால் பானை குறையும். குறைந்தால் என்ன நேரும் என்பது அவள் பெற்ற வயிற்றுக்குத் தெரியும். இவன் பொய் சொல்லும் கராயாகவே இருந்தால் அதைவிடக் கொடிது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கய்யா. உச்சி சாயட்டும், வயிறு நெறையப் போடுறேன்."

"பொறுக்கலாம்மா," என்றான் அவன், குறைகூறாத குரலில். "மூணு நாளாப் பொறுத்துட்டுதான் இருக்கேன்."

அச்சொல் அவளைச் சுட்டது. பானையில் இருந்தது முழுவதும் தன்னுடையதன்று என்பதும், இவனுக்குரியதை இவனிடமே காட்டி இவனையே விரட்டப் பார்த்தோம் என்பதும் அவளுக்கு விளங்கின. விளங்கியதால் அச்சம் தணிந்ததா? இல்லை, பெருகிற்று. பெருகிய அச்சத்தோடே அகப்பையை எடுத்தாள். சூடான பயறு விரலில் சிந்திற்று. காலையில் கவிழ்த்த அளவுக்குக் குறையாமல் அள்ளியிட்டாள். விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே இறங்கியது ஜோபரா. தூளியில் பெலேன் இருமினாள். அவ்விருமலைக் கேட்டபடி, அவன் உண்பதைப் பார்த்தபடி, உச்சிப்பொழுது முழுவதும் அவள் திறந்த வாசலில் அசையாது நின்றாள்.

மாலையில் வந்த எலிகியோ, மூடியைத் திறந்து பார்த்து முகம் வெளுத்தான்.

"உச்சிக்கு முன்னாடியே கொறஞ்சிருச்சா?"

"கொறஞ்சிருச்சு." பின்பு, குடுக்கையைக் கவிழ்த்ததையும் செனோன் வந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் பானையை மூடிவிட்டுத் தூளியருகே போனான். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்குய்யா," என்றாள் அவள்.

"எனக்கும்தான்டி," என்றான் அவன். "ஆனா, நீ போடலேன்னு சொல்லியிருந்தா, இத என்னால ஒரு வாய் திங்க முடிஞ்சிருக்காது."

இருவரும் தூளியருகே அமர்ந்து, குறைந்த பானையிலிருந்து உண்டார்கள். ஆண்டு முடிய இன்னும் மூன்று திங்கள் இருந்தன. அத்தனை நாளும் ஒவ்வோர் இருமலுக்கும் அவர்கள் நெஞ்சு துணுக்குறத்தான் போகிறது. கொடுத்தவர் நெஞ்சில் அச்சம் இராது என்று உரைப்போர் உளர். தமக்கே போதாததிலிருந்து ஒருநாளும் கொடுத்தறியாதவர் அவர்.