பிச்சம்மாள் விரலில் ஏறிய ஊசி

ரெக்ஸுக்கு வயிறு எரிந்தது என்றால் அது குறைத்துச் சொல்வது. பன்னிரண்டு வருடமாகத் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு எதிர்ச்சாரியிலேயே, நாசரேத்திலிருந்து நேற்று வந்த ஸ்டெபி கடை போட்டாள். போட்டதோடு விட்டாளா? ரத்தத்தில் பரவும் நோய்களைத் தடுக்கப் பயிற்சி முடித்தவள் என்று ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினாள்.

மாதா கோவில் திருவிழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் அவள் கடையில். ரெக்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி உறையை வந்தவர் கண் முன்னால் கிழிக்கிறாள். மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுகிறாள். போன் அடித்தால் கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்கிறாள், பிறகு கை கழுவிப் புதுசு போடுகிறாள். பச்சை குத்துகிறாளா பிரசவம் பார்க்கிறாளா என்று நக்கலடித்தான். அதற்குச் சிரித்தவர்களும் அவளிடமே போய்க் கையை நீட்டினார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தப்பு, ஒன்றே ஒன்று அவள் செய்யமாட்டாளா என்று காத்துக் கிடந்தான்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, மாநகராட்சிக் குப்பை வண்டியோடு வரும் பிச்சம்மாள் தெருமுனையில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பைப் பையை அமுக்கும்போது பச்சை குத்துகிற ஊசி ஏறிவிட்டதாம். கையுறையைத் தாண்டி ரத்தம் கசிந்தது. ரெக்ஸுக்கு மனசு குதித்தது, வெட்கமில்லாமல் குதித்தது. யார் போட்ட பை என்றுகூடக் கேட்கவில்லை. அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு, டீக்கடைக் கூட்டமும் பின்னால் வர, ஸ்டெபியின் கடைக்குள் போய் நிறுத்தினான்.

"ஏளா, சர்டிபிகேட்ட மாட்டுனா மட்டும் போதுமா? ஒன் ஊசி ஏறி ஒரு மனுசி ரத்தம் வடிய நிக்கா."

ஸ்டெபி வாதாடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, பிச்சம்மாளின் விரலை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்றாள். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க ஆள் அனுப்பினாள். அவளுடைய பதறாத கைகளைப் பார்த்து, அந்த நேரத்திலும் ரெக்ஸ் பொறாமைப்பட்டான்.

பிறகுதான் பிச்சம்மாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் வைத்தாள். உள்ளே அந்த ஊசி. குறடால் நடுவில் வளைக்கப்பட்டிருந்தது. ஊசியை வளைத்துக் குப்பையில் போடுகிறவன் ரெக்ஸ்தான். வளைத்துவிட்டால் இன்னொருத்தன் எடுத்துக் குத்த முடியாதே, இதற்குமேல் என்ன பாதுகாப்பு என்று பெருமைப்பட்டவன்.

ஸ்டெபி தன் ஊசிகளைச் சேர்த்துவைக்கும் மூடிய டப்பாவைக் காட்டி, இது தன்னுடையது இல்லை என்றாள். யாருக்குக் குத்திய ஊசி என்று தெரிந்தால் அவர்களையும் சோதித்துவிடலாம், தெரியாவிட்டால் இந்த அம்மாள் மாசக்கணக்காகப் பயந்தே சாக வேண்டியதுதான் என்றாள். கூட்டம் அதை நம்பியும் நம்பாமலும் நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கடை தப்பித்துவிடும், பாதிப் பழியாவது அவள்மேல் ஒட்டும். ரெக்ஸ் அதையும் நினைத்தான். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அதற்குள் பிச்சம்மாள் ஈரக் கையோடு அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்காக நியாயம் கேட்க வந்தவன் அவன்தானே.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுல்லா, தம்பி?"

ரெக்ஸ் தரையைப் பார்த்தான். "அது என் ஊசி" என்றான்.

ஸ்டெபி பேனாவை எடுத்தாள். "யாருக்குப் போட்டீங்கண்ணே?" அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து எங்கிட்ட வந்தது புன்னைக்காயல் பயலுவ மட்டுந்தான். அண்ணந்தம்பி மூணு பேரு."

"அதுல எந்த ஆளுக்கு?"

"மூணு பேருக்குந்தான். ஒரு தாய் வயித்துப் பிள்ளையதானன்னு ஊசிய மாத்தல."

டீக்கடைக் கூட்டத்தில் சிலர் தங்கள் கையிலிருந்த பச்சையைத் தடவிப் பார்த்தார்கள். அண்ணன் தம்பியாகவோ கூட்டாளிகளோடோ ஒன்றாகப் போய் அவனிடம் பச்சை குத்திக்கொண்டவர்கள், அந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருந்தார்கள்.