துவைக்காத சட்டை

தோல் நெடியிலேயே வாழ்கிற ஆம்பூர்க்காரனுக்கு மூக்கு இருப்பது கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் என்று ஷபீ அஹமது பாய் கிண்டல் செய்வார். காசிநாதன் மூக்கை மட்டும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார். இருவரும் ஒரே தோல் மண்டியில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற பச்சைத் தோலுக்கு உப்புத் தூவி அடுக்க வேண்டும், கெட்டுப்போனதைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். உப்பு சரியாக ஏறாத தோல் அடுக்கில் எங்கே ஒளிந்திருந்தாலும், பக்கத்தில் நடந்துபோகும்போதே காசிநாதன் நின்றுவிடுவார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் முடி கையோடு கழன்று வரும். மண்டியில் அந்த மூக்குக்கு நல்ல மரியாதை.

வீட்டில்தான் மூக்கின் சொந்தக்காரருக்கு மரியாதை இல்லை. தேவகி கணியம்பாடிப் பக்கத்துப் பெண். நெல்லும் கரும்பும் மணக்கிற வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் கொல்லைப்புறக் குழாயைக் காட்டி, "குளிச்சிட்டு உள்ள வாங்களேன்" என்றாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பிறகு காசிநாதன் வேலை முடிந்து முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்ததே கிடையாது. பின்பக்கமாக வருவார், குளிப்பார், சட்டையைத் தனி வாளியில் போடுவார். தேவகி அதைத் தனியாக ஊறவைத்து, தனியாகத் துவைத்து, தனிக் கொடியில் காயப்போடுவாள்.

மகள் ஹேமலதா பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒரு மழை நாளில் குடை எடுத்துக்கொண்டு மண்டியிலிருந்து நேராகப் போனார். "அப்பா, அந்த டீக்கடைகிட்ட நில்லுங்க, நானே வர்றேன்" என்று அவள் பள்ளி வாசலுக்கு உள்ளேயிருந்தே சொன்னாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு வெட்கம் வந்தது. பிள்ளையை வெட்கப்பட வைத்துவிட்டோமே என்ற வெட்கம். சில மனிதர்கள் இப்படித்தான், ஊரான் செருப்பு காலை மிதித்தாலும் இவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள்.

அவரிடம் மூக்கைச் சுளிக்காத ஒரே ஜீவன் ஜிம்மி. மண்டி வாசலில் கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை, தெருவில் பாதி நாய்க்கு வைத்திருக்கிற பெயரையே இதற்கும் வைத்தார்கள். வளர்ந்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது. "தெரிஞ்சிருந்தா உள்ளயே விட்டிருக்க மாட்டேன்" என்றாள் தேவகி. பெயரை மட்டும் மாற்றவில்லை. அவர் கொல்லைப்புறம் வந்து சைக்கிளைச் சாய்த்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே ஜிம்மி ஓடிவந்து அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். சுத்தம் பார்க்காத அன்பு அது ஒன்றுதான் அந்த வீட்டில்.

ஹேமலதாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து ராஜேஷ் வீட்டார் வந்த அன்று வினை ஆரம்பித்தது. ஜிம்மிக்கு அது பருவக் காலம். தெருவிலிருந்த ஆண் நாய்கள் அத்தனையும் வாசலில் மாநாடு போட்டிருந்தன. காரிலிருந்து இறங்கிய ராஜேஷின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ல பொட்டை நாயா?" என்று கேட்டார். கூட வந்த ஆண்கள் சிரித்தார்கள். ஹேமலதா காபித் தட்டோடு திரும்பி உள்ளே போய்விட்டாள். காசிநாதனுக்கு, அவிழ்ந்த வேட்டியோடு நடுத்தெருவில் நிற்பதுபோல இருந்தது.

நல்ல வேளையாகச் சம்பந்தம் கூடிவந்தது. நிச்சயதார்த்தம் முடிகிற வரைக்கும் இந்த மானக்கேடு மறுபடி நடக்கக்கூடாது என்றாள் தேவகி. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று ஷபீ பாய் சொன்னார். வாயில்லாத பெண் ஜென்மத்தின் வயிற்றைக் கிழிப்பது பாவம் என்று காசிநாதனுக்கும் தேவகிக்கும் தோன்றியது. கிழித்திருந்தால்தான் புண்ணியம் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? மாட்டுக்கு ஊசி போடுகிற ஒருவரைக் காசிநாதனே அழைத்துவந்தார். "ஒரே ஊசி. அப்பால வாசல்ல ஒரு நாய் நிக்காது" என்றார் அந்த மனிதர். சொன்னபடி நாய்கள் கலைந்து போயின. காசிநாதன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வீட்டில் அந்த வாசனை வந்தது.

"இன்னாங்க, இப்பல்லாம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது?" என்றாள் தேவகி. எது என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் வாசனைக்கு ஒரே சொந்தக்காரர்தானே. அவர் மறுபடியும் போய்க் குளித்தார். மறுநாள் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளித்தார். தோல் எரிந்ததே தவிர வாசனை போகவில்லை. ஹேமலதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவராகவே பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்புறக் கொட்டகையில் போய்ப் படுத்தார். "உள்ள பெயிண்ட் நெடி ஒத்துக்கல" என்று காரணம் சொன்னார். தேவகி சரி என்று தலையணையை எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டகை ஜிம்மி படுக்கிற இடம். அவர் வந்ததும் ஜிம்மி அவர் காலடியில் ஒட்டிக்கொண்டது. வாசனையும் கூடவே வந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது. அப்போதுதான் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆள் எங்கே போனாலும் கூடவே வருகிறதென்றால் அது ஆள்மேல்தானே இருக்க வேண்டும்?

மற்றதெல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஜிம்மி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வெயில் என்று நினைத்தார். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, தன்மேல் அடிக்கிற நாற்றத்தில் அதற்கும் குமட்டுகிறது போல என்று நினைத்தார். வயிறு உப்பியது, ஊசியையும் மீறிச் சினை பிடித்துவிட்டதோ என்று பயந்து தேவகியிடம் சொல்லாமல் மறைத்தார். பாயில் பழுப்பாகக் கறை பட்டிருந்தது. பச்சைத் தோலில் வடியும் தண்ணீரின் கறை என்று அவரே தேய்த்துக் கழுவினார். ஒருநாள் ஜிம்மி வாலுக்கடியில் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. ஹேமலதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயசுப் பெண் முன்னால் அதைக் குனிந்து பார்ப்பது நன்றாகவா இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுக்குத் தோலில் ஒரு தோல் கெட்டதைக் கண்டுபிடிக்கிறவர், கால்மாட்டில் ஓர் உயிர் அழுகுவதைக் கண்டுபிடிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று புது வேட்டி, புதுச் சட்டை. ஷபீ பாய் கொடுத்திருந்த அத்தரைக் கழுத்திலும் கையிலும் தடவிக்கொண்டார். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, அவர் கதவோரமாக நின்றார். கொல்லைப்பக்கக் கதவு திறந்திருந்தது. ராஜேஷின் அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "பக்கத்துல தோல் டேனரியா?" என்று யாரிடமோ கேட்டார். தேவகி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். ஒரு பார்வைதான், அதிலேயே அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

தட்டு மாற்ற ஐயர் கூப்பிட்டபோது, காசிநாதன் மைத்துனன் கோபியின் தோளைத் தொட்டார். "நீ போய் மாத்துப்பா. தாய்மாமன் மாத்துனா விசேஷம்."

"இன்னா மாமா, நீங்க இருக்கசொல்ல நானா?"

"போப்பா."

தேவகி காதில் அது விழுந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெற்ற மகளின் நிச்சயதார்த்தத் தட்டை மைத்துனன் மாற்ற, காசிநாதன் கொட்டகையில் ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே லக்னப் பத்திரிகை வாசிக்கும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவமானத்தில் அழுகைகூட வரவில்லை.

அவரைத் தேடிக்கொண்டு ஷபீ பாய் பின்பக்கம் வந்தார். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காசி, இன்னா நாத்தம் இது?"

"நான்தான் பாய். எவ்ளோ குளிச்சும் போவல."

ஷபீ பாய் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார். "யோவ், உன்மேல என் அத்தர்தான்யா வருது. இத்தினி வருசமா உன்கூட நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது நம்ம வாசன இல்ல."

ஜிம்மி எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் மடங்கி விழுந்தது. வாலுக்கடியிலிருந்து சீழும் ரத்தமும் கலந்து புது வேட்டியில் வழிந்தது. மண்டியில் ஒரு நொடியில் வேலை செய்கிற மூக்கு அப்போதுதான் விழித்துக்கொண்டது. கெட்ட தோலைக் கடக்கும்போது தன்னை நிறுத்துகிற அதே நெடி.

ஷபீ பாய் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். இருவரும் ஜிம்மியைப் பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் முபஷ்ஷிரா சின்ன வயதுப் பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் செய்து, "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். உடனே எடுக்கணும். பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்" என்றார். கையுறையை மாட்டிக்கொண்டே, "ஹீட்ல இருந்தப்ப ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்.

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "போட்டேன் டாக்டரம்மா. வாசல்ல நாய் கூடிப்போச்சின்னு."

"அந்த ஊசி போட்டாதான் பல நாய்ங்களுக்கு இப்படிச் சீழ் பிடிக்குது" என்றார் டாக்டர், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப்பார்த்தது. நான் இல்லை, நாற்றம் என்மேல் இல்லை. உள்ளே அது சாகக் கிடக்கும்போது இப்படியும் ஒரு சந்தோஷமா என்று தன்னையே அருவருப்பாகப் பார்த்தார். அதுவரை பட்ட வெட்கமெல்லாம் இந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டுத் தேவகியும் ஹேமலதாவும் பட்டுப்புடவையோடு வந்து சேர்ந்தார்கள். சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். உயிர் இருக்கிறது, கண் விழிக்க வேண்டும் என்றார். பிறகு மூவரையும் பார்த்தார்.

"ரொம்ப நாளா இருந்திருக்குது. வீட்ல இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கும் வாசனை தெரியலையா?"

தேவகி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஹேமலதா சுவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிதும்மா" என்றார் காசிநாதன். "நான்னு நெனச்சிக்கினோம்."

அவர் யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மை அதுதான், சொன்னார். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார். தேவகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். சாயங்காலம் வழக்கம்போலப் பின்பக்கமாக வந்து, சைக்கிளைச் சாய்த்து, குழாயைத் திறந்து வாளியை வைத்தார். ஹேமலதா ஓடிவந்து குழாயை மூடினாள்.

"குளிக்காதீங்கப்பா."

"ஏம்மா?"

"டாக்டர் போன் பண்ணாங்க. ஜிம்மி முழிச்சிடுச்சாம். ஆனா ஒண்ணும் துன்ன மாட்டேங்குதாம். உங்க வாசனை இருக்கிற துணி எதாவது, துவைக்காதது, பக்கத்துல போட்டா துன்னுமாம்." அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாவ வந்து பாருங்க."

உள்ளே அறையில் பீரோ காலியாகக் கிடந்தது. அவருடைய சட்டைகள், வேட்டிகள், துண்டு, பனியன், தலையணை உறை எல்லாம் கட்டில்மேல் குவிந்திருந்தன. நடுவில் தேவகி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான். கொட்டகைப் பாயைக்கூடக் காலையில் கொளுத்திவிட்டிருந்தாள்.

"ஒண்ணுல கூட நீங்க இல்லீங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

காசிநாதன் உப்பு பூத்த மண்டிச் சட்டையோடு அந்த அறைக்குள் நிற்பது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை நீட்டினார். "கவர்ல போட்டுக்க. பஸ்ல நாறும்" என்றார் வழக்கம்போல.

ஹேமலதா கவர் தேடவில்லை. சட்டையை வாங்கி மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, "எங்க அப்பா சட்டைங்க" என்றாள்.

ஜிம்மி கூண்டுக்குள் கட்டோடு படுத்திருந்தது. சட்டையை உள்ளே வைத்ததும் மூக்கு மட்டும் அசைந்தது. மெல்ல நகர்ந்து வந்து, கைமடிப்புக்குள் முகத்தை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டது. கொஞ்சநேரம் கழித்துத் தேவகி நீட்டிய ரொட்டித் துண்டை நக்கிப் பார்த்தது. காசிநாதன் வேறு சட்டையில் வாசல் ஓரமாக நின்றிருந்தார். வாசனைக்கு உரியவரைத் தேடி அது கண்ணைத் திறந்தபோது, அவரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கிட்ட வாங்க" என்றாள் தேவகி.