மட்டையைக் கீழே போடாத நாகையா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில், மூன்றாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் கடை முதலாளி பாலன்.

"எங்க தாத்தாவோட அண்ணன், நாகையான்னு பேரு. பேஸ்பால் ஜாம்பவான் லா, சார். வெள்ளக்காரன் காலத்துலயே அமெரிக்காக்காரனைப் போட்டுத் துவைச்சவரு. சங்கத்து விருந்துக்குப் புத்தகம் போடுறோம். அவரோட வாழ்க்கை, சாதனை எல்லாம் நீங்கதான் எழுதணும்."

"மலாயாவுல ஏதுங்க பேஸ்பால்?"

"அதான் சார் சாதனையே!"

இதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? இலையில் இன்னொரு துண்டு மீன் வந்து விழுந்தது. ஒப்புக்கொண்டேன். (எழுத்தாளனின் நேர்மை ஒரு துண்டு மீனுக்கா விலைபோகும் என்று முகம் சுளிப்பவர்கள், அந்தக் கடைக் குழம்பைச் சாப்பிட்டதில்லை.)

2

முதல் வரி வரமாட்டேன் என்கிறது.

'நாகையா பிறந்தபோதே அவனது பிஞ்சுக்கை இறுக மூடியிருந்தது, அதற்குள்—' அதற்குள் என்ன இருக்கும், பந்தா? அடித்தாயிற்று.

'தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த அதே கரங்கள்தாம் பின்னாளில்—' சங்கத் தலைவருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்குக் குமட்டுகிறது. இதையும் அடித்தாயிற்று.

சரி, நேராகவே போகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். நாகையா ரயில் பாதையில் கூலி. பிரிக்பீல்ட்ஸ் லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், ஒரே அறை, ஒரு பெண்டாட்டி, பெயர் வள்ளியம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆபீஸ் கிராணிமார், அதாவது பேனா பிடிக்கிற குமாஸ்தாக்கள், கிரிக்கெட் ஆடுவார்கள். நாகையாவும் போவான். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மட்டை பிடிப்பது கிராணி. வெயிலில் பந்து போடுவதும் சாக்கடைக்குள் இறங்கிப் பொறுக்கிவருவதும் கூலி. கணக்குக்கு அவன் பெயர் கடைசி ஆளாக இருக்கும். அவன் முறை வரும்போது யாராவது "மழை வருது, போதும்" என்பார்கள். மழை வராத நாளிலும் சொல்வார்கள்.

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? முதல் ஞாயிறு திரும்பி வந்ததுமே வள்ளியம்மா சோறு போட்டபடி, "என்னா விளையாண்ட?" என்று கேட்டுவிட்டாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மட்டை பிடிச்சேன் புள்ள. கடைசி வரைக்கும் நான் அவுட்டே ஆகல."

(யோசித்துப் பார்த்தால் இது பொய்யே இல்லை. மட்டையைத் தொடாதவனை எவன் அவுட்டாக்க முடியும்?)

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். வள்ளியம்மா குழாயடியில் நின்று பெருமை பீற்றிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரை ஒரு பயலாலயும் அவுட்டாக்க முடியலையாம்!" இந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

3

சாதனைப் பட்டியல் எழுத வேண்டுமே என்று பாலனைப் பிடித்தேன்.

"மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினாரு?"

"ஒண்ணு."

"எத்தனை தடவை அடிச்சாரு?"

"அதுவும் ஒண்ணுதான் சார். ஆனா எப்பேர்ப்பட்ட அடி! அமெரிக்காக்காரன் அவன் நாட்டுக்கே கூப்பிட்டான். இவருதான் போகல லா."

"ஏன் போகல?"

பாலன் யோசித்தார். "அங்க சோறு கிடைக்காதுல்ல?"

ஜாம்பவான்கள் இப்படித்தான் தயாராகிறார்கள். ஒரு அடி, நாலு பேரப்பிள்ளைகள், ஒரு சங்கம் போதும்.

4

அந்த ஒரு ஆட்டம்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ரப்பர் ஏற்ற ஓர் அமெரிக்கக் கப்பல் வந்தது. சரக்கு வந்து சேரவில்லை. மாலுமிகள் பொழுது போகாமல் பக்கத்துக் கிள்ளான் திடலில் பேஸ்பால் ஆட ஆள் கேட்டார்கள். ரயில் ஆபீஸ் துரை, "என் கிராணிமார் ஆடுவார்கள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தலைமைக் கிராணி கார்த்திகேசுவுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் கோஷ்டியில் இரண்டு பேருக்கு நிஜமாகவே கலக்கி, வரவில்லை. ஒன்பது பேர் வேண்டும். பை தூக்கிவந்த நாகையா ஒன்பதாவது ஆளானான்.

ஆட்டம் இதுதான். போடுகிற பந்தை அடித்துவிட்டு மூன்று மணல் மூட்டைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தில் பதித்திருக்கும் பலகைக்குத் திரும்பிவிட்டால் ஓர் ஓட்டம். அதற்குள் பந்தை வைத்து ஆளைத் தொட்டுவிட்டால் அவுட்.

நாகையாவுக்கு ஆட்டத்தைக் கண்டு பயமில்லை. திடலோரம் மழைமரத்தடியில் தூக்குச்சட்டியோடு வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள். "எங்க அண்ணன் வீடு கிள்ளான்லதானே இருக்கு? நீ மட்டை பிடிக்கிற அழகை ஒரு தடவை பார்த்துடறேன்" என்று கிளம்பி வந்துவிட்டாள். இன்றைக்கும் மட்டை கைக்கு வராவிட்டால் குழாயடியில் அவள் மானம் கப்பலேறிவிடும். அதுதான் அவனுக்குப் பயம்.

எட்டுப் பேர் அடித்தாயிற்று. நாகையா எழுந்தான்.

"டேய், நீ இரு. நான் இன்னொருக்காப் போறன்" என்றார் கார்த்திகேசு.

நடுவராக நின்ற மீசைக்கார மாலுமி குறுக்கே கை நீட்டினான். பேஸ்பாலில் அந்தக் கதை நடக்காது. ஒன்பது பேரும் வரிசைப்படி அடித்தே ஆக வேண்டும். துரையானாலும் ஒருத்தனைத் தாண்டிப் போக முடியாது. நாகையாவைச் சுட்டி, "நெக்ஸ்ட்!" என்றான்.

கார்த்திகேசு மட்டையை நீட்டினார். நாகையா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

5

இந்த இடத்தில் கார்த்திகேசுவை முழு வில்லனாக்கிவிடலாம் என்றிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கச் சங்கிலிக் கடிகாரம், வசதியாக இருந்தது. எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று உறைத்தது. சனிக்கிழமைகளில் துரைமார் ஆடுவார்கள். அன்றைக்குச் சாக்கடைக்குள் இறங்கிப் பந்து பொறுக்குவது கார்த்திகேசு. வீட்டில் அவர் என்ன சொல்லிவைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. பாவம், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. (சங்கத் தலைவர் இந்தப் பத்தியை வெட்டச் சொல்வார். வெட்டமாட்டேன்.)

6

முதல் பந்து மட்டையில் படாமல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் தவறினால் அவ்வளவுதான். நாகையா கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினான்.

'பந்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு—' சும்மா இரு.

பந்து மாலுமிகள் தலைக்கு மேலே போய்த் திடலின் கோடிக் கால்வாயில் விழுந்தது. அமெரிக்காக்காரன் ஒருத்தன் முழங்காலளவு சேற்றில் இறங்கிப் பந்து பொறுக்கினான். கண் திறந்ததும் நாகையா பார்த்தது அதைத்தான். அட, அந்த ஒரு காட்சிக்கே அவன் பிறவி எடுத்தது தகும்.

"ஓடுய்யா, ஓடு!" என்று வள்ளியம்மா கத்தினாள்.

ஓடினான். மட்டையோடு ஓடினான். கிரிக்கெட்டில் அப்படித்தான் ஓடுவார்கள். அவன் வருஷக்கணக்காகப் பார்த்ததும் அதுதான். பேஸ்பாலில் அடித்ததுமே மட்டையை வீசிவிட்டு ஓட வேண்டும். "டிராப் இட்!" என்று மாலுமிகள் கத்தினார்கள். "மட்டையைப் போடடா, மடையா!" என்று கார்த்திகேசு கத்தினார். அது அவன் காதில் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். இத்தனை ஞாயிறுக்கப்புறம் கைக்கு வந்ததை எவன் போடுவான்?

கடைசி மூட்டையைத் தாண்டும்போது பந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. நாகையா குப்புறப் பாய்ந்தான், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல மட்டையை நீட்டினான். மட்டையின் நுனி பலகையைத் தொட்டது. அப்புறம்தான் பந்தைப் பிடித்த மாலுமி அதை அவன் முதுகில் வைத்தான்.

கிரிக்கெட்டென்றால் தப்பித்தான். பேஸ்பாலில் மட்டை தொட்டால் செல்லாது, கையோ காலோ பட வேண்டும். மீசைக்காரன் அவுட் என்று கட்டைவிரலைத் தூக்கினான். அந்தச் சைகை மழைமரத்தடியில் யாருக்கும் புரியவில்லை.

வள்ளியம்மா ஓடிவந்தாள். "கிராணி ஐயா, எங்க வீட்டுக்காரரு அவுட்டா?"

7

பாலனின் முடிவு: நாகையா எழுந்து நிற்கிறான், அமெரிக்கா அழைக்கிறது. இதை எழுதினால் எனக்கு ஆயுளுக்கும் மீன்குழம்பு.

நேர்மையான முடிவு: கார்த்திகேசு "அவுட்" என்கிறார். வள்ளியம்மா புருஷனைப் பார்க்கிறாள். மேற்கொண்டு எழுத முயன்றேன், அவள் முகம் என்னை எழுதவிடவில்லை.

எனக்குப் பிடித்த முடிவு: கார்த்திகேசு தொண்டையைச் செருமி, "இல்லையம்மா, உம்மட மனுசன்—" என்று தொடங்குகிறார். சனிக்கிழமைச் சாக்கடை அவருக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் இப்படி ஒரு நல்ல மனசை அவருக்குக் கொடுத்தது நான்தானே? அடித்துவிட்டேன்.

பாலனுக்குப் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும். நான் கழன்றுகொள்கிறேன், மன்னியுங்கள். கார்த்திகேசுவும் கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டுவிட்டார். மீசைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. மிச்சம் இருப்பது நீங்கள்தான். சட்டத்தையும் படித்துவிட்டீர்கள், குழாயடிக் கதையையும் கேட்டுவிட்டீர்கள்.

நாகையா இன்னும் மண்ணில்தான் கிடக்கிறான். மட்டை நுனி பலகைமேல், கை ஒரு முழம் பின்னால், பிடி தளரவில்லை. தலையைத் தூக்கவே மாட்டேன் என்கிறான். வள்ளியம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்க்கிறாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு அவுட்டா?"