இடியாப்ப மெஷின் வந்த பிறகு

பரங்கிப்பேட்டை அமீனா பீவியின் இடியாப்பக் கொட்டகையில் மெஷின் வந்து இறங்கிய அன்று, அதை விடாமல் குனிந்து குனிந்து பார்த்தவள் சௌந்தரம்தான். மாவு எந்த வழியாகப் போகிறது, நூல் எப்படித் தட்டில் விழுகிறது என்று அடியில் தலையை விட்டே பார்த்தாள். அமீனா பீவி பிஸ்மில்லா சொல்லி சுவிட்சைப் போட்டார். நான்கு பெண்கள் காலை முழுக்கப் பிழிவதை அது ஒரு மணி நேரத்தில் பிழிந்து வைத்தது.

அந்த நான்கு பேரில் சௌந்தரமும் ஒருத்தி. இங்கே வருவதற்கு முன் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வரத்து இல்லாத மாதங்களில் அதுவும் கிடையாது. மாதச் சம்பளம் என்று வந்த பிறகுதான் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது.

"அப்ப நாங்க நாலு பேரு எதுக்குக்கா?" என்று கேட்டேவிட்டாள்.

அமீனா பீவி மழுப்பவில்லை. வியாபாரம் பெருகும் என்று நம்பி வாங்கியதாகவும், கூடுதலாக எங்கே விற்பது என்று தனக்கே இன்னும் பிடிபடவில்லை என்றும் சொன்னார். "யாரயும் நிறுத்தறதுக்காக வாங்கல சௌந்தரம். நீயும் வா, சேந்து தேடுவோம்."

மறுநாள் இருவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். மாணவர்கள் சாப்பிடும் மெஸ்களில் இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆர்டர் மட்டும் யாரும் தரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் சௌந்தரத்துக்கு ஊர் திரும்ப மனம் வரவில்லை. கடைசியாகப் பார்த்த மெஸ்ஸுக்கே அமீனா பீவியையும் இழுத்துக்கொண்டு போய், சமையல்காரர் ராஜவேலிடம் கேட்டாள். அவருக்கோ மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் இரண்டு டீ கொடுத்து உட்கார வைத்தார். ஆண்டவன் கதவு திறப்பது பெரும்பாலும் இப்படித்தான், யாரோ ஒருவர் ஒதுக்கித் தரும் ஐந்து நிமிஷத்தில்.

"ருசியில கொற இல்லம்மா," என்றார் ராஜவேல். "பஸ்ல வர்றதுக்குள்ள ஆறி வெறச்சிப் போவுது. ஏழு மணிக்கு சூடா குடுத்தா தெனம் எரநூறு நானே எடுத்துக்குவேன்."

சௌந்தரம் டம்ளரைக் கீழே வைத்தாள். "மெஷினு இந்த ஊர்லயே இருந்தா என்னாக்கா? நம்மூரு வீடுங்களுக்கு அவுங்க மூணு பேரும் அங்க கையால பிழியட்டும்."

அமீனா பீவி அவளையே பார்த்தார். "அப்ப இங்க நீதான் இருந்து பாத்துக்கணும்."

சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. இரண்டாம் மாதமே நான்கு மெஸ்கள் சேர்ந்துகொள்ள, ஒருத்தி கை போதவில்லை. ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளும் பொறுப்பையும் அமீனா பீவி சௌந்தரத்திடமே விட்டார். அதே தெருவில், கிடைத்த வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்துவந்த தைலம்மாள் வந்து நின்றாள். சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"மாசாமாசம் உண்டாம்மா?" என்றாள்.

"உண்டு," என்றாள் சௌந்தரம். "அஞ்சாந்தேதி."