அடைப்புக்குறிக்குள் இரண்டு

பீங்கான் தொழிற்சாலையில் அவளைக் கோட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சூளை எப்போது எவ்வளவு சூடாக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுவது அவள் வேலை. படுக்கைவாட்டில் நேரம், நெட்டுக்குத்தாகச் சூடு. நான்கு மணிக்கு நெருப்புப் பற்ற வேண்டுமென்றால் நான்குக்கு நேரே கோடு மேலே ஏறும். சூளை மறுபேச்சுப் பேசாது.

அன்று சூளைக்குள் உடைந்த செங்கல்லை மாற்றிக்கொண்டிருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. மதியம் தலையை வெளியே நீட்டினான்.

“அக்கா, நாலு மணிக்குள்ள முடியாது போலருக்கு. ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி வைக்கிறியா?”

“சாவியைக் குடு. அது இல்லாம கோட்டை நகத்த முடியாது.”

உள்ளே போகிறவன் சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சாவி இல்லாமல் சூளை பற்றாது. அவன் எடுத்துக் கொடுத்துவிட்டான். அக்காவிடம் கொடுக்க என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

அவள் சாவியைச் சூளையை இயக்கும் இயந்திரத்தில் போட்டுத் திருகி, கோட்டுக்கான சூத்திரத்தின் அடைப்புக்குறிக்குள் நேரத்தோடு இரண்டைக் கூட்டினாள். தள்ளி வைப்பதென்றால் கூட்டுவதுதானே. அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டாள். சாவி இயந்திரத்திலேயே தொங்கியது.

சாப்பிடும்போது மனசை என்னவோ உறுத்தியது. கோட்டை மாற்றினால் ஒரு புள்ளியையாவது போட்டுச் சரிபார்ப்பாள், இன்று பார்க்கவில்லை. ஈர விரலால் மேசையில் கோடு இழுத்தாள். பழைய கோட்டில் நெருப்புப் புள்ளி நான்கில் இருந்தது. இப்போது நெருப்புப் பற்ற, நேரத்தோடு இரண்டைக் கூட்டினால் நான்கு வர வேண்டும். அப்படியானால் நேரம் இரண்டு.

புள்ளி ஆறுக்குப் போகவில்லை. இடதுபக்கம் நகர்ந்து இரண்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தள்ளிப் போக வேண்டுமானால் அடைப்புக்குள் கழிக்க வேண்டும். எத்தனை பேருக்கு இதையே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், பாவி. கடிகாரத்தில் மணி இரண்டாகப் போகிறது.

கைகூடக் கழுவாமல் ஓடினாள். சூளைக் கூடத்துக்குள் நுழையும்போதே விசிறிகள் உறுமுவது கேட்டது. பற்றவைக்கும் முன் உள்ளே தங்கிய வாயுவை வெளியே தள்ளும் விசிறிகள். அவை நின்றதும் நெருப்புப் பொறி விழும்.

“டேய், வெளிய வாடா” என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

விசிறிகள் நின்றன. பாய்ந்து சாவியை உருவினாள். திரையில் ‘பற்றவைப்பு’ என்ற எழுத்து சிவந்து, அணைந்தது.

தம்பி தூசி அப்பிய முகத்தோடு எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“புழுக்கத்துல செத்துட்டிருந்தேன்க்கா. நல்ல வேளை, காத்து போட்டு விட்டே. இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடேன்.”

சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டப் பார்த்தாள். அது துளைக்குள் போகவே மாட்டேனென்றது.